கணக்கில் ஏறாத சாம்பல்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். எண்ணூர் நிலையத்தை விட்டதும் வண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறது. அடுத்த நிலையம் அத்திப்பட்டுப் புதுநகர்; அதற்கடுத்தது அத்திப்பட்டு. கிழக்குப் பக்கத்துச் சன்னலோரம் அமர்ந்திருந்தால் வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதற்கப்பால் காமராசர் துறைமுகம். சற்றுத் தள்ளி வல்லூர் அனல் மின் நிலையம். நீங்கள் கடந்துவந்த எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலை. தெற்கே மணலியில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இவற்றின் நடுவே உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாய், இறால் பிடிக்கும் சிறு படகுகள்.

"இவையெல்லாம் யாருடையவை?" என்று உங்களுடன் வந்த சிறுவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "சர்க்கார் கம்பெனி, தனியார் கம்பெனி" என்று சுருக்கமாக முடித்துவிடுவோம். ஆனால் இந்தக் கேள்வி அவ்வளவு எளிதன்று. ஒரு தொழிற்சாலை யாருடையது என்பதைப் பொறுத்தே, அது யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது தீர்மானமாகிறது. யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தே, அந்தக் கணக்கில் எது ஏறும், எது ஏறாது என்பதும் தீர்மானமாகிறது. இதற்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு முனை நம் கண்ணெதிரே, இதே கடற்கரையில்தான் இருக்கிறது.

பழவேற்காட்டில் ஒரு கம்பெனி

அத்திப்பட்டிலிருந்து வடக்கே, பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காடு வரும். அங்கே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளை இன்றும் காணலாம். 1613-ஆம் ஆண்டில் அவர்கள் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கட்டியது ஹாலந்து நாட்டு அரசாங்கம் அன்று. ஒரு கம்பெனி; 1602-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒன்றுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனி.

அதற்கு முன்பும் வணிகர்கள் கூட்டாக முதல் போட்டுக் கப்பல் அனுப்பியதுண்டு. கப்பல் திரும்பியதும் லாபத்தைப் பிரித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். இந்தக் கம்பெனியோ கலையவில்லை. பணக்காரர் முதல் வீட்டு வேலைக்காரி வரை யார் வேண்டுமானாலும் அதில் பங்கு வாங்கலாம். வேண்டாதபோது இன்னொருவருக்கு விற்றுவிடலாம். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டார்கள். பங்குகள் தொடர்ந்து கைமாறும் சந்தை ஒன்று அங்கே உருவானது. இன்றைய பங்குச் சந்தைகளுக்கு அதுவே முன்னோடி.

ஆனால் கம்பெனியை நடத்தியவர்கள் பங்குதாரர்கள் அல்லர்; இயக்குநர்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பொதுக் கணக்குக் காட்டப்படும் என்று சாசனம் சொன்னது. 1612-இல் அந்தக் கெடு வந்தபோது, காட்டத் தேவையில்லை என்று இயக்குநர்கள் அரசிடம் விலக்குப் பெற்றுவிட்டார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1609-இல், ஐசக் லெ மேர் என்ற பெரிய பங்குதாரர் கம்பெனி நடத்தப்படும் முறையைக் குறை கூறி மனுக் கொடுத்திருந்தார். 1622-இல் பங்குதாரர்களின் குமுறல் அச்சிட்ட துண்டு நூல்களாகவே வெளிவந்தது. அடுத்த ஆண்டு சாசனம் புதுப்பிக்கப்பட்டபோதுதான், பெரிய பங்குதாரர்கள் சிலர் கணக்கைப் பார்க்க ஓரளவு வழி பிறந்தது.

அவர்கள் கேட்டது என்ன? தங்கள் பணம் என்னவாயிற்று என்ற கணக்கை மட்டுமே. அதே 1620-களில் பழவேற்காட்டிலிருந்து துணியோடு மனிதர்களும் கப்பலேறினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக படேவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அந்தக் கரை மக்கள் எந்தக் கம்பெனியிடம் கணக்குக் கேட்பார்கள்? பங்கு வைத்திருந்தவருக்கே கணக்குக் கிடைக்காத காலம் அது. பங்கே இல்லாதவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்ற எண்ணம்கூடப் பிறந்திருக்கவில்லை.

வரம்புள்ள நஷ்டம், வரம்பில்லாத நஷ்டம்

பங்குதாரருக்குக் கணக்கைப் பெற்றுத் தந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற கம்பெனிகள் ஐந்தொகை தயாரித்துத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்றது. 1855-இல் இன்னொரு சலுகை வந்தது. கம்பெனி நொடித்துப் போனாலும், பங்குதாரர் தாம் போட்ட முதலுக்கு மேல் ஒரு காசும் இழக்க வேண்டியதில்லை. இதனையே வரையறுத்த பொறுப்பு என்கிறோம். கம்பெனிப் பெயர்களின் இறுதியில் நீங்கள் காணும் 'லிமிடெட்' என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. இந்தியாவுக்கு இது 1857-இல் வந்தது.

இந்த ஏற்பாடு இல்லாமல் ரயில் பாதைகளோ பெரிய ஆலைகளோ எழுந்திரா. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் துணிந்து பணம் போட்டதற்கு இதுவே காரணம். ஆனால் இதில் ஒரு கோணல் இருப்பதைக் கவனியுங்கள். ஆலையால் பங்குதாரர் அடையக்கூடிய நஷ்டத்துக்கு எல்லை கட்டப்பட்டது. ஆலைக்கு அடுத்த வீட்டுக்காரர் அடையக்கூடிய நஷ்டத்துக்கு எந்த எல்லையும் கிடையாது.

இந்தக் கோணலைப் பொருளாதார நூலோர் பின்னரே கவனித்தார்கள். 1920-இல் ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலப் பேராசிரியர், ஆலைப் புகையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். புகை படிந்த துணியை மீண்டும் வெளுக்கும் செலவு ஊர் மக்களின் தலையில் விழுகிறது. ஆலையின் செலவுக் கணக்கில் அது ஏறுவதில்லை. எனவே பொருளின் விலை உண்மையான விலையைவிடக் குறைவாகத் தெரிகிறது. 1932-இல் அமெரிக்காவில் பெர்லி, மீன்ஸ் என்ற இருவர் வேறொரு பிளவைச் சுட்டினார்கள். பெரிய கம்பெனிகளில் உடைமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. நிர்வாகமோ ஒரு சிலர் கையில் இருக்கிறது. உடைமை ஓரிடம், அதிகாரம் வேறிடம் என்றால், புகைக்கு யாரைப் பிடித்துக் கேட்பது?

ஒரு நாள் சாம்பல்

இப்போது அத்திப்பட்டுக்குத் திரும்புவோம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் உள்ளன. முதல் அலகு 1994-இல் இயங்கத் தொடங்கியது, மூன்றாவது 1996-இல். ஓர் அலகு ஒரு நாள் முழுவதும் முழுத் திறனோடு ஓடினால் 50 லட்சத்துச் சொச்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு நாளில் ஏறக்குறைய 3,500 டன் நிலக்கரி. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு வரை இருக்கும். முப்பத்தைந்து என்று கொண்டால், ஓர் அலகிலிருந்து ஒரு நாளில் சுமார் 1,200 டன் சாம்பல். மூன்று அலகுகளுக்கும் சேர்த்து, பத்து டன் லாரியில் ஏற்றினால் 360 லாரிகளுக்கு மேல் ஆகும். இது முழு ஓட்டத்துக்குரிய கணக்கு. அலகு நிற்கும் நாட்களில் குறையும். பின்னர் 2014-இல் இயங்கத் தொடங்கிய 600 மெகாவாட் அலகுகள் இரண்டும் இதில் சேரவில்லை.

இந்தச் சாம்பலில் பெரும்பகுதி மாவைப் போன்ற பறக்கும் சாம்பல். புகைபோக்கிக்குப் போகும் வழியில், மின்னூட்டம் பெற்ற தகடுகள் அதை ஈர்த்துப் பிடிக்கின்றன. அதன் பிறகு அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: உலர்ந்த நிலையில் சிமெண்டு ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போவது. இதற்குப் பணம் கிடைக்கும். ஆகவே மின் நிலையத்தின் கணக்கில் அது வரவாகிறது.

இரண்டாவது வழி: தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் மூலம் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது. அத்திப்பட்டுப் பகுதியில் சேப்பாக்கம் கிராமத்தை ஒட்டி இக்குளம் இருக்கிறது. குழாய்கள் ஆற்றையும் உவர் நிலத்தையும் கடந்து செல்கின்றன. குழாய் உடைந்தால் குழம்பு ஆற்றில் கலக்கிறது. அப்போது ஆழமான இடங்கள் தூர்ந்து போகின்றன. அலையேற்றத்தின்போது உள்ளே வரும் நீர் குறைகிறது. சேற்றில் வாழும் இறாலும் நண்டும் இடம் இழக்கின்றன. கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்போரின் வருமானம் கரைகிறது.

விற்ற சாம்பல் வரவில் ஏறியது. ஆற்றில் போன சாம்பலுக்குக் கணக்கில் எந்தத் தலைப்பும் இல்லை. அந்தச் செலவு இல்லாமலில்லை. அது காட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது. அங்கே ஐந்தொகை எழுதுவார் இல்லை.

2016-இல் எண்ணூர்ப் பகுதி மீனவர்கள் இது குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜூலையில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் மாசுக்கு மின் உற்பத்திக் கழகமே பொறுப்பு என்றது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நினைவூட்டியது. சீரமைப்புக்கான வழிகளை ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. முதல் அலகு ஓடத் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆற்றில் போன சாம்பலுக்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் கிடைத்தன.

போபால் திறந்த பக்கம்

கம்பெனிக் கணக்கில் காற்றுக்கும் நீருக்கும் தனிப் பக்கம் வேண்டும் என்று உலகம் உணர்ந்தது எப்போது? 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவுக்குப் பின்.

போபாலில் இருந்தது யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட். அதன் பங்குகளில் 50.9 சதவீதம் அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம் இருந்தது; மீதி இந்திய நிதி நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும். மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு எழுந்த முதற் கேள்வியே, "இது யாருடைய ஆலை?" என்பதுதான். பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்த தாய்க் கம்பெனி, ஆலையை நடத்தியது இந்தியக் கம்பெனியே என்று வாதாடியது. உடைமையை அறிய ஒரு சதவீதம் போதும். பொறுப்பை நிலைநாட்ட ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

அந்த இரவில் ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. இந்த அறியாமையே பலரைக் கொன்றது. எனவே பின்வந்த சட்டங்கள் தகவலைக் குறிவைத்தன. 1986-இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, எந்த ஆலை எந்த நச்சுப் பொருளை எவ்வளவு வெளியேற்றுகிறது என்ற பட்டியல் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. நம் நாட்டில் அதே ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழில் நடத்துவோர் அதன் அபாயங்களைத் தொழிலாளருக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பங்கு இல்லாதவருக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு என்று நம் சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

1992-இல் இன்னொரு படி. ஒவ்வொரு ஆலையும் ஆண்டுதோறும் எவ்வளவு நீர் எடுத்தது, என்ன மாசு வெளியேற்றியது, எவ்வளவு கழிவு சேர்ந்தது என்ற அறிக்கையை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும் என்ற விதி வந்தது. ஐந்தாம் படிவம் என்று அதற்குப் பெயர். நிதிக் கணக்குக்கு ஐந்தொகை போல, சுற்றுப்புறக் கணக்குக்கு இது. ஆனால் ஒரு குறை: அது வாரியத்தின் கோப்புக்குப் போயிற்று, பங்குதாரரிடமோ ஊராரிடமோ போகவில்லை.

பங்குச் சந்தை வழியாக இன்னொரு கதவு திறந்தது. இந்தியப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி, 2012-இல் மிகப் பெரிய 100 கம்பெனிகளைச் சமூக, சூழல் பொறுப்பறிக்கை வெளியிடச் சொன்னது. 2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள கம்பெனிகள் நீர், எரிசக்தி, கழிவு, புகை ஆகியவற்றை எண்களில் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

சந்தைக்குக் காது கேட்கிறதா?

இங்கே மாணவர் ஒருவர் கேட்கலாம்: "உண்மையைச் சொன்னால் கம்பெனியின் மதிப்பு இறங்காதா? பிறகு ஏன் சொல்வார்கள்?" நல்ல கேள்வி.

முதலில் மதிப்பு என்றால் என்ன? ஒரு கம்பெனியின் எல்லாப் பங்குகளையும் இன்றைய சந்தை விலையால் பெருக்கினால் கிடைப்பது அதன் சந்தை மதிப்பு. ஜேம்ஸ் டோபின் என்ற பொருளியல் அறிஞர் இதை அளக்க ஒரு விகிதம் தந்தார். கம்பெனிக்குச் சந்தை தரும் மதிப்பை, அதன் கட்டடம் இயந்திரம் முதலியவற்றை இன்று புதிதாக அமைக்க ஆகும் செலவால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்கு மேல் என்றால், செங்கல்லுக்கும் இரும்புக்கும் அப்பால் ஏதோ ஒன்றைச் சந்தை மதிக்கிறது. அது நல்ல பெயராக இருக்கலாம், நிர்வாகத் திறமையாக இருக்கலாம். ஒன்றுக்குக் கீழே என்றால், ஏதோ ஓர் ஆபத்தைச் சந்தை மோப்பம் பிடித்திருக்கலாம்.

அமெரிக்க நச்சுப் பட்டியல் 1989-இல் முதன்முதலாக வெளியான நாளை ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். பட்டியலில் இடம்பெற்ற கம்பெனிகள் அந்த ஒரே நாளில் சராசரியாக 41 லட்சம் டாலர் பங்கு மதிப்பை இழந்திருந்தன என்று 1995-இல் எழுதினார். ஆலைகள் அதற்கு முந்தைய நாளும் அதே புகையைத்தான் விட்டன. மாறியது புகையன்று, புகையைப் பற்றிய தகவல்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வு உண்டு. டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1990-களின் இறுதியிலிருந்து காகிதம், மோட்டார் வாகனம், குளோரின்-காரம் ஆகிய தொழில்களில் கம்பெனிகளின் சூழல் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு வெளியிட்டது. ஸ்ரீகாந்த் குப்தா, விஸ்வநாத் கோல்தார் ஆகியோர் அந்த அறிவிப்புகளுக்குப் பின் பங்கு விலைகள் சென்ற திசையைப் பார்த்தனர். மோசமான மதிப்பெண் வாங்கிய கம்பெனிகள் சிலவற்றின் பங்குகள், எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 சதவீதம் வரை கீழே போயிருந்தன என்று 2005-இல் வெளியிட்டனர்.

எனவே சந்தைக்குக் காது உண்டு. ஆனால் எதைக் கேட்கிறது? மீண்டும் போபாலைப் பாருங்கள். விபத்துக்கு முன் 50 டாலரை ஒட்டியிருந்த யூனியன் கார்பைடு பங்கு, சில வாரங்களில் 35 டாலருக்குக் கீழே இறங்கியது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது பங்கு விலை ஏறியது. போபால் மக்களின் நுரையீரல் அன்று குணமாகிவிடவில்லை. பங்குதாரரின் கவலைதான் தீர்ந்தது. பங்கு விலை அளப்பது பங்குதாரருக்கு நேரக்கூடிய ஆபத்தையே.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டிய பிறகு, மற்ற எண்ணெய்க் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் சூழல் பற்றிய பக்கங்கள் கூடின என்று டென்னிஸ் பேட்டன் என்பவர் 1992-இல் காட்டினார். பழி வரும் காலத்தில் பேச்சும் பெருகுகிறது. ஆகவே பக்கங்கள் அதிகம் என்பதால் மாசு குறைவு என்று கொள்ள முடியாது. சூழல் விவரங்களை நன்கு வெளியிடும் கம்பெனிகளுக்கு மதிப்புக் கூடுகிறதா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள்; முடிவுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. வெளியிட்டதால் மதிப்புக் கூடியதா, மதிப்புள்ள கம்பெனிக்கே வெளியிட வசதி இருக்கிறதா என்று பிரித்தறிவது கடினம்.

ஒரே முகத்துவாரம், நான்கு உடைமை

உடைமை இதில் என்ன வேறுபாடு செய்கிறது? எண்ணூர் முகத்துவாரமே நமக்குப் பாடப் புத்தகம். ஒரே நீரைச் சுற்றி நான்கு வகை உடைமை அமைந்திருக்கிறது.

ஒன்று, முழுக்க மாநில அரசுக்குரியது. வட சென்னை அனல் மின் நிலையம் மின்சார வாரியத்திடம் பிறந்து, 2010-இல் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்திடம் வந்து, 2024-இல் தனி மின் உற்பத்திக் கழகத்திடம் சேர்ந்தது. இதன் பங்குகள் சந்தையில் விற்கப்படுவதில்லை. ஆகவே தவறு செய்தால் இறங்குவதற்குப் பங்கு விலையே இல்லை. செபியின் ஆயிரம் கம்பெனிப் பட்டியலும் இதைத் தொடாது. உடைமையாளர் நாம் எல்லோரும். அதாவது மின்கட்டணம் உயரக் கூடாது என்று விரும்பும் நாம். கண்காணிக்க வேண்டிய மாசு கட்டுப்பாட்டு வாரியமும் அதே அரசின் கீழ் உள்ளது. உரிமையாளரும் மேற்பார்வையாளரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, வெளியே நிற்பவர் நீதிமன்றக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் இங்கே வேறொரு சாவி உண்டு: 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசு நிறுவனம் என்பதால், எந்தக் குடிமகனும் நேரடியாகக் கேள்வி கேட்கலாம்.

இரண்டு, கூட்டு உடைமை. வல்லூர் அனல் மின் நிலையத்தில் மத்திய அரசின் தேசிய அனல் மின் கழகத்துக்குப் பாதி, மாநில மின் கழகத்துக்குப் பாதி. மத்தியக் கழகத்தின் பங்குகள் 2004 முதல் சந்தையில் உள்ளன. வல்லூர்க் கம்பெனியின் பங்குகள் இல்லை. ஒரு கம்பெனி சூழல் அறிக்கை தரும்போது, தன்னை மட்டும் சொல்கிறதா, தன் குடும்பக் கம்பெனிகளையும் சேர்த்துச் சொல்கிறதா என்று குறிப்பிட வேண்டும். இந்த எல்லைக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு கூட்டுக் கம்பெனியின் சாம்பல் அறிக்கையின் உள்ளேயும் வரலாம், வெளியேயும் நிற்கலாம்.

மூன்று, பாதி பொது, பாதி சந்தை. மணலி ஆலை 1965-இல் இந்திய அரசு, ஒரு அமெரிக்கக் கம்பெனி, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ். இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு இந்தியன் ஆயிலிடம் இருக்கிறது. பொதுமக்களும் பங்கு வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் பரவியது. எண்ணெய் வந்தது இந்த ஆலை வளாகத்திலிருந்தே என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் கூறியது.

நான்கு, சந்தையில் உள்ள தனியார் கம்பெனி. எண்ணூர் உரத் தொழிற்சாலை முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் இன்டர்நேஷனலுக்கு உரியது. அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சந்தையில் உள்ள கம்பெனி, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய நிகழ்ச்சியை ஒரு நாளுக்குள்ளாகவே பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் பங்குதாரர் அதைப் படித்து அறியலாம். பெரியகுப்பத்தாருக்கோ முதல் அறிவிப்பு மூக்கின் வழியாகத்தான் வந்தது.

இந்த நான்கையும் ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். தனியார் கெட்டவர், அரசு நல்லது என்றோ, அதற்கு மாறாகவோ தீர்ப்புச் சொல்ல இதில் இடமில்லை. ஒவ்வொரு உடைமை முறையும் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்துகிறது. சந்தைக் கம்பெனி பங்குதாரருக்குச் சொல்லும். ஆனால் தனியார் கம்பெனியிடம் நீங்கள் தகவல் உரிமை மனு நேராகக் கொடுக்க முடியாது. அரசுக் கம்பெனியிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் அதைத் தட்டிக் கேட்கப் பங்குச் சந்தை வராது. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு எல்லாக் கதவும் தேவை. ஏனெனில் சாம்பலும் எண்ணெயும் அமோனியாவும் யாருடையவை என்று மீன் பார்ப்பதில்லை.

உடைமையும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-இல் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி குழுமத்துக்குப் போயிற்று. காமராசர் துறைமுகத்தில் மத்திய அரசு வைத்திருந்த மூன்றில் இரண்டு பங்கை 2020-இல் சென்னைத் துறைமுகம் சுமார் 2,383 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பங்குகளுக்கு விலை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் உண்டு. முகத்துவாரத்துக்கு அப்படி யாருமில்லை. அதனால்தான் அதன் தேய்மானத்தை எழுதிவைக்கும் கணக்கு முக்கியமாகிறது.

அந்தக் கணக்கு உடனுக்குடன் எழுதப்பட வேண்டும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்பதே துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. சில நாட்களில் கரையோரம் முழுதும் எண்ணெய்ச் சேறு ஒதுங்கியது. தன்னார்வலர்கள் வாளியால் அள்ளினார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரிலும் ஓர் ஆலை இருக்கக்கூடும். அதைப் பற்றி மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அது யாருடையது? அது யாருக்குக் கணக்குச் சொல்கிறது? அந்தக் கணக்கைச் சரிபார்த்தவர் யார்?

சந்தையில் உள்ள கம்பெனியானால், அதன் ஆண்டறிக்கையில் நீர், கழிவு பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். சென்ற ஆண்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். எந்த ஆலைகள் அதில் சேர்ந்துள்ளன, எவை விடுபட்டுள்ளன என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டு விதிப்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமானால், நிபந்தனைகள் நிறைவேறிய விவரத்தை ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை தர வேண்டும். அந்த அறிக்கை பொது ஆவணம். எந்த உடைமையானாலும், ஐந்தாம் படிவம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் இருக்கும். வாரியம் ஓர் அரசு அமைப்பு. எனவே தனியார் ஆலையின் படிவத்தையும் வாரியத்திடம் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிய மனு போதும்.

ஆம்ஸ்டர்டாம் பங்குதாரர்களுக்குத் தங்கள் பணத்தின் கணக்கைப் பார்க்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அத்திப்பட்டின் சாம்பலுக்கு இருபத்தெட்டு. அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது, கீழே ஓடும் நீரின் நிறத்தையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு.